கொழும்புச் சிறு வியாபாரிகளுக்கு டிஜிட்டல் சந்தைப்படுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு புடவைக்கடைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். இப்போது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கம் சிறு வியாபாரம் செய்பவர்களோடு கூட இருந்து பேஸ்புக், வட்ஸ்அப், கூகுள் வேலைகளைப் பழக்கிக் கொடுக்கிறேன். தையல்கடை அக்கா, வீட்டில் பலகாரம் செய்து விற்கும் அன்ரி, செட்டியார் தெருவில் சின்ன நகைக்கடை வைத்திருக்கும் அண்ணா எனப் பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

டிஜிட்டல் சந்தைப்படுத்தல் என்றால் பேஸ்புக்கில் பதிவு போடுவதுதானே?

பதிவு போடுவது அதில் ஒரு துண்டு மட்டும்தான்.

உயர்தரத்தில் வணிகம் படித்தவர்களுக்குச் ‘சந்தைப்படுத்தல் கலவை’ நினைவிருக்கும். பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கு. ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960இல் இந்த நான்காகப் பிரித்துச் சொன்னார். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நான்காவதைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார்கள். பொருள் சரியில்லை, விலையைச் சொல்வதில்லை, கடையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் விளம்பரம் மட்டும் ஓட வேண்டும். அது நடக்காது.

எங்கள் அப்பா எந்த வீட்டில் எந்த மாதம் கல்யாணம் என்று தெரிந்து வைத்திருந்தார். நல்ல சேலை வந்தால் அந்த வீட்டுக்கென்று ஒன்றை எடுத்து வைப்பார். “தங்கச்சி, இது சாயம் போகும், வேண்டாம்” என்று தன் கடைப் பொருளையே தடுப்பார். அந்தப் பெண் அடுத்த தடவை தன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருவாள். அதுதான் சந்தைப்படுத்தல். கருவி மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை.

மாறிய ஒன்று உண்டு. முன்பு விலை ஒப்பிட வேண்டுமென்றால் பிரதான வீதியிலிருந்து கெய்சர் வீதிவரை வெயிலில் நடக்க வேண்டும். இன்று காலி வீதி பஸ்ஸில் இருந்தபடியே பத்துக் கடையைப் பார்த்துவிடுகிறார்கள். உங்கள் கடை வாசலுக்கு வருவதற்கு முன்பே உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

ஒரு கொப்பியிலிருந்து. கடைசியாக உங்களிடம் வாங்கிய 20 பேரை நினைவுபடுத்தி எழுதுங்கள். யார், எந்தப் பக்கம், எப்படி உங்களைத் தெரியும், ஏன் உங்களிடம் வாங்கினார்கள். தெரியாவிட்டால் அவர்களிடமே கேளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

தையல்கடை அக்கா ஒருவர் இதைச் செய்தார். தன்னிடம் வருவது கல்யாணப் பெண்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எழுதிப் பார்த்தால் 20 பேரில் 13 பேர் அலுவலகத்துக்குச் சேலை கட்டிப் போகும் ஆசிரியைகளும் வங்கி ஊழியர்களும். அவர்களுக்கு வேண்டியது வேலைப்பாடு நிறைந்த பிளவுஸ் இல்லை. சொன்ன திகதிக்குக் கிடைக்கும் பிளவுஸ். அவருடைய பேஸ்புக் பக்கத்தில் அதுவரை இருந்த படங்கள் எல்லாம் மணப்பெண் ஜாக்கெட்டுகள். அப்புறம் “திங்கள் தந்தால் வெள்ளி தருவோம்” என்று எழுதிப் போட்டார்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக், யூடியூப் எல்லாவற்றிலும் இருக்க வேண்டுமா?

வேண்டாம். அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்பது இதற்கும் பொருந்தும். ஓர் ஆள் நடத்தும் வியாபாரத்துக்கு இரண்டு இடம் போதும்: ஆட்கள் உங்களைக் கண்டுபிடிக்க ஒன்று, உங்களோடு கதைக்க ஒன்று. கொழும்பில் பெரும்பாலான சிறு கடைகளுக்கு முதலாவது கூகுள் வரைபடம், இரண்டாவது வட்ஸ்அப். அவை ஒழுங்கான பிறகு மூன்றாவதாகப் படம் காட்ட ஒன்றைச் சேருங்கள். இளம் பிள்ளைகள் உங்கள் வாடிக்கையாளர் என்றால் டிக்டொக், வீட்டுக்காரர் என்றால் பேஸ்புக். ஒரு வருடமாகப் புதிதாக எதுவும் போடாத பக்கம் பூட்டிய கடை மாதிரி, “இவர்கள் இன்னும் இருக்கிறார்களா?” என்று கேட்க வைக்கும்.

கூகுள் வரைபடத்தில் கடையைப் போட்டால் உண்மையில் ஆட்கள் வருவார்களா?

வருவார்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஒருவர் “வெள்ளவத்தை சாரி பிளவுஸ்” என்று தேடும்போது அவருக்கு வாங்கும் எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது. பேஸ்புக்கில் உங்கள் படத்தைத் தற்செயலாகக் காண்பவருக்கு அந்த எண்ணம் இல்லை. இந்த வித்தியாசம் விளங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கூகுள் வணிகக் கணக்கில் கடையைச் சேர்த்து, அவர்கள் கேட்கும் உறுதிப்படுத்தலைச் செய்யுங்கள். திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம், வாசல் படம், உள்ளே எடுத்த நாலைந்து படம் போடுங்கள். வாசல் படம் முக்கியம். காலி வீதியில் முதலாம் மாடியில் இருக்கும் கடைகளைக் கீழே நின்று தேடி அலைந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். “மருந்துக் கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டு” என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. நம் ஆட்கள் தமிழில் கதைப்பார்கள், ஆங்கில எழுத்தில் தேடுவார்கள். வெள்ளவத்தையையே ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை மாற்றி இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஆகவே விவரத்தில் ஊர்ப் பெயரையும் நீங்கள் செய்யும் வேலையையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தீபாவளி, வருடப்பிறப்பு நாட்களில் நேரம் மாறினால் அதையும் மாற்றுங்கள். திறந்திருக்கிறது என்று நம்பி முச்சக்கர வண்டிக்குக் காசு கொடுத்து வந்தவர் பூட்டைக் கண்டால் மறுபடி வரமாட்டார்.

வட்ஸ்அப்பில் என்ன செய்யலாம்?

சாதாரண வட்ஸ்அப்பை விட்டு வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலிக்கு மாறுங்கள். 2018இல் வந்தது, இலவசம். பொருட்களை விலையோடு அடுக்கி வைக்கலாம், அடிக்கடி கேட்கும் கேள்விக்குப் பதிலைச் சேமித்து வைக்கலாம், இரவில் எழுதுபவருக்கு “காலை 9 மணிக்குப் பதில் தருகிறேன்” என்று தானாகச் சொல்ல வைக்கலாம்.

ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பும் பட்டியலில் ஒரு நுணுக்கம்: உங்கள் இலக்கத்தைத் தன் ஃபோனில் சேமித்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். ஆகவே பொருளைக் கொடுக்கும்போதே “என் இலக்கத்தைக் கடைப் பெயரில் சேமித்து வையுங்கள்” என்று சொல்லுங்கள்.

விலையை வெளிப்படையாகப் போடலாமா? எல்லாரும் ‘இன்பொக்ஸ் பாருங்கள்’ என்றுதானே எழுதுகிறார்கள்?

போடுங்கள். மற்ற எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள்.

‘விலை எவ்வளவு?’ என்று ஒருவர் பலர் பார்க்கக் கேட்கிறார். நீங்கள் ‘இன்பொக்ஸ்’ என்கிறீர்கள். அவருடைய மனதில் ஓடுவது இதுதான்: ஆளைப் பார்த்து விலை சொல்லப் போகிறார்கள், என் படத்தைப் பார்த்தால் கூட்டிச் சொல்வார்கள். கூச்சப்படுபவர் கேட்கவே மாட்டார். விலை கேட்டு, கட்டுப்படியாகாது என்று சொல்லக் கூச்சப்பட்டு விலகிப் போனவர்களை நான் கடையிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். விலையை எழுதி வைத்தால் அந்தச் சங்கடம் இல்லாமல் போகிறது. வருகிறவர் தன்னால் முடியும் என்று தெரிந்துகொண்டே வருகிறார்.

போட்டிக்காரர் பார்த்துவிடுவார் என்பார்கள். அவர் ஒரு தெரிந்த பிள்ளையை அனுப்பி எப்போதோ கேட்டுவிட்டார். வாடிக்கையாளருக்கு மட்டும்தான் நீங்கள் மறைக்கிறீர்கள்.

விலை நாளுக்கு நாள் மாறும் என்பதும் ஒரு காரணமாக வரும். நகைக்கடை அண்ணாவுக்கு அது உண்மையான சிக்கல். அவருக்கு நான் சொன்னது: பவுண் விலை மாறட்டும், உங்கள் கூலி மாறாதே. “22 கரட், 8 கிராம், அன்றைய பவுண் விலையோடு கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு” என்று எழுதுங்கள். கணக்கைத் திறந்து காட்டும் நகைக்கடையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். தையலுக்கும் அப்படித்தான், “சாதாரண பிளவுஸ் இவ்வளவிலிருந்து, லைனிங் வைத்தால் இவ்வளவு கூட.”

கடையில் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது. கடைச் சுவரில் செய்வதைத் திரையில் செய்யத் தயங்க வேண்டியதில்லை.

எந்த மொழியில் எழுதுவது?

வாங்குபவரின் மொழியில். கொழும்பில் அது பெரும்பாலும் ஒன்றுக்கு மேல். படத்துக்குக் கீழே முதலில் தமிழில் இரண்டு வரி, பிறகு சிங்களத்தில் இரண்டு, ஆங்கிலத்தில் இரண்டு போதும். மொழிபெயர்ப்புச் செயலி தந்த சிங்களத்தை அப்படியே போடாமல் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒருதடவை வாசித்துக் காட்டுங்கள். பிழையான தமிழில் எழுதிய பெயர்ப்பலகைகளைப் பார்த்து நாம் எவ்வளவு நோகிறோம். அதையே நாம் மற்றவருக்குச் செய்யக் கூடாது.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதை நான் விரும்புவதில்லை. வாசிக்கக் கஷ்டம், பெரியவர்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள். வயதான வாடிக்கையாளருக்குக் குரல் பதிவு அனுப்புங்கள். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது; குரலை நம்பிப் பொருள் வாங்கியவர்கள்.

நல்ல கமரா இல்லை. படம் எப்படி எடுப்பது?

ஃபோன் போதும். காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம். ரியூப் லைட்டின் கீழே எடுத்தால் மெரூன் சேலை சிவப்பாகத் தெரியும். பொதி திரும்பி வரும். நிறத்தை மாற்றும் வடிகட்டி எதையும் பாவிக்காதீர்கள். கரை, முந்தானை, மடிப்பு மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். பலகாரம் என்றால் ஒரு துண்டைக் கையில் பிடித்து எடுங்கள், அளவு தெரியும். இணையத்திலிருந்து எடுத்த படத்தைப் போட்டு வேறு பொருளைக் கொடுப்பது ஏமாற்று.

விளம்பரத்துக்கு எவ்வளவு காசு போடலாம்?

எவ்வளவு திரும்பி வருகிறது என்று எண்ணத் தெரியும்வரை கொஞ்சமாக.

கணக்கு இப்படி. ஒரு வாரத்துக்கு 5,000 ரூபாய் போடுகிறீர்கள் என்று வையுங்கள். 40 பேர் வட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள், 8 பேர் வாங்குகிறார்கள். ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர 625 ரூபாய். ஒருவரிடம் உங்களுக்கு மிஞ்சும் இலாபம் 900 என்றால் தொடருங்கள். 500 என்றால் நட்டம்; ஆனால் உடனே நிறுத்தவும் வேண்டாம். அந்த 8 பேரில் எத்தனை பேர் இரண்டாம் தடவை வந்தார்கள் என்று பாருங்கள். 4 பேர் திரும்ப வந்தால் கணக்கு மாறிவிடும், ஏனென்றால் இரண்டாம் தடவைக்கு நீங்கள் விளம்பரக் காசு கொடுக்கவில்லை. 40 பேர் கேட்டும் 2 பேர்தான் வாங்கினார்கள் என்றால் பிழை விளம்பரத்தில் இல்லை. விலையிலோ, பதில் சொன்ன வேகத்திலோ, சொன்ன விதத்திலோ இருக்கிறது.

பேஸ்புக்கில் பதிவைக் காசு கொடுத்துப் பரப்பும் ‘பூஸ்ட்’ பொத்தானை அமத்தும் முன் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். கொட்டாஞ்சேனையில் ரியூஷன் நடத்தும் சேர் ஒருவர் முழு இலங்கைக்கும் விளம்பரம் ஓடவிட்டிருந்தார். பிள்ளைகள் நடந்து வரும் வகுப்புக்குச் சுற்றுவட்டாரம் மட்டும் போதும்.

பின்தொடர்வோரை விலைக்கு வாங்கலாமா?

நான் வாங்கிக் கெட்டவள். தொடக்க காலத்தில் எங்கள் கடைப் பக்கத்துக்கு 10,000 பேரைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொன்னார். காசு கொடுத்தேன். எண்ணிக்கை ஏறியது. ஒரு சேலைகூட விற்கவில்லை. பெயர்களைப் பார்த்தால் எங்கெங்கோ தேசத்தவர்கள், பலர் ஆட்களே இல்லை. அதைவிட மோசம் பிறகு நடந்தது. பதிவு போட்டால் அந்தக் கூட்டத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. யாரும் கவனிக்காத பதிவைப் பேஸ்புக் மற்றவர்களுக்கும் காட்டுவதில்லை. உண்மையான வாடிக்கையாளருக்கே எங்கள் பதிவு போகாமல் நின்றது. கடைசியில் புதுப் பக்கம் தொடங்க வேண்டி வந்தது. 300 பேர் இருந்தாலும் தெரிந்த 300 பேராக இருக்கட்டும்.

ஒருவர் கூகுளில் மோசமாக எழுதிவிட்டார். அழிக்க முடியுமா?

பொய்யோ வசையோ என்றால் கூகுளுக்கு முறையிடலாம். உண்மை என்றால் அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.

பதில் எழுதுங்கள், ஆனால் அதே இரவில் எழுதாதீர்கள். காலையில் எழுதுங்கள். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று மூன்று வரி. கேக் பிந்திப் போனது என்றால் “பிந்தியது உண்மை. பிறந்தநாளுக்குக் கேக் இல்லாமல் நின்றது எவ்வளவு கஷ்டம் என்று விளங்குகிறது. காசைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இனி ஒரு நாளைக்கு 4 கேக்குக்கு மேல் எடுப்பதில்லை.” இதை வாசிக்கப் போவது கோபப்பட்டவர் மட்டும் இல்லை, அடுத்த வாரம் கேக் வாங்க நினைப்பவரும்தான்.

நல்லதாக எழுதச் சொல்லிக் கழிவு கொடுப்பது கூகுளின் விதிக்கு மாறானது. சொந்தக்காரரைக் கொண்டு எழுதுவிப்பதும் வேண்டாம். சந்தோஷமாகப் போகும் வாடிக்கையாளரிடம் “நேரமிருந்தால் உண்மையாக இரண்டு வரி எழுதுங்கள்” என்று கேட்டால் போதும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு விற்கலாமா?

தாராளமாக. ஐரோப்பியப் பாடசாலை விடுமுறையோடு ஜூலை, ஓகஸ்ட்டில் வருகிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் வழியில் கொழும்பில் நிற்கிறார்கள். ஆனால் என்ன வாங்குவது என்று ஜூனிலேயே அங்கிருந்து பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கோடைகாலத்தில் நமக்கு இரவு 9 மணி என்றால் லண்டனில் மாலை 4.30, ரொறன்ரோவில் காலை 11.30. அந்த ஒரு மணி நேரம் ஃபோனோடு இருந்தால் இரண்டு ஊரையும் பிடிக்கலாம். காணொளி அழைப்பில் சேலையை விரித்துக் காட்டுங்கள். அனுப்பும் செலவையும் அங்கே சுங்க வரி வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எப்போது போட்டால் நல்லது?

நம் நாட்காட்டியைப் பாருங்கள். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, நோன்புப் பெருநாள், வெசாக், தீபாவளி, நத்தார். கொழும்பில் யாருடைய பண்டிகையும் எல்லோருக்கும் வியாபாரம். பண்டிகைக்கு முதல் வாரம் போடுவது பிந்திய வேலை, மூன்று வாரத்துக்கு முன் போடுங்கள். ஆடியில் நம் வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் தையல்காரர் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆவணிக் கல்யாணத்துக்கு அளவு எடுக்கும் மாதம் அது. 25ஆம் திகதி சம்பளம் வரும் வீடுகளும் நிறைய.

எல்லாமே பேஸ்புக்கில் இருக்கிறது. அது நின்றால்?

நின்றிருக்கிறது. 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், 2022 ஏப்ரலில் இங்கே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் உலகம் முழுக்க ஆறு மணித்தியாலம் அளவில் வேலை செய்யவில்லை. கணக்கைத் திருட்டுக் கொடுத்தவர்களும் உண்டு.

வாடகைக் கடையில் இருக்கலாம், ஆனால் கணக்குக் கொப்பி நம் கையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், இலக்கம், என்ன வாங்கினார் என்பதைத் தனியாக எழுதி வையுங்கள். செய்தி அனுப்பலாமா என்று கேட்டு, சரி என்றவருக்கு மட்டும் அனுப்புங்கள். வேண்டாம் என்றவுடன் நிறுத்துங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் இந்த அனுமதியைத்தான். யாரோ விற்கும் இலக்கப் பட்டியலை வாங்காதீர்கள்.

பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதலாமா?

வரைவுக்கு எடுக்கலாம். ஆனால் உங்கள் முறுக்கு எப்படி நொறுங்கும் என்று அதற்குத் தெரியாது. அந்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

மூன்று மாதம் பொறுங்கள். அதற்குள் படமும் விலையும் ஒழுங்காக இருக்கட்டும், கேட்பவருக்கு அன்றைக்கே பதில் போகட்டும். பிறகு முதலில் எழுதிய கொப்பியை எடுத்து, புதிதாக வந்த 20 பேரை மறுபக்கத்தில் எழுதுங்கள். ‘எப்படித் தெரியும்’ என்ற இடத்தில் முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். தையல்கடை அக்காவின் கொப்பியில் இரண்டாம் தடவை 20 பேரில் 7 பேருக்கு நேரே “ஸ்கூல் ரீச்சர் சொன்னவ” என்று இருந்தது. அவர் அடுத்த மாத விளம்பரக் காசைப் போடாமல், அந்த ரீச்சர்மாருக்கு ஆளுக்கொரு பிளவுஸை இலவசமாகத் தைத்துக் கொடுத்தார்.